வோல்பியை வச்சுத் தேத்துறதா, டிரேட் பண்றதா?

யாங்கீ_முருகு:
2025 பேஸ்பால் சீசன் முடிஞ்சு, அக்டோபர்ல நம்ம நியூயார்க் யாங்கீஸ் அணியோட ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாம், மூணாம் பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) ஆன்டனி வோல்பிக்கு இடது தோள்ல ஆபரேஷனும் ஆயிடுச்சு. மூணு முழு சீசன் ஆடியாச்சு. பேட்டிங் சராசரி .209, .243, .212. அறிமுக வருஷமே ஷார்ட்ஸ்டாப்ல கோல்ட் க்ளவ், அதாவது சிறந்த ஃபீல்டர் விருது, வாங்கினவர், 2025ல 19 எரர் (ஃபீல்டிங் தப்பு) விட்டிருக்கார். வயசு 24தான். இப்பவே வேற அணிக்கு டிரேட் பண்ணி ஒரு பிட்சரை (பந்து எறியுறவர்) வாங்கிடலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா? பாசத்தை விட்டுட்டு ஆட்டத்தை வச்சுச் சொல்லுங்க.

ஸ்கோர்புக்_சாந்தி:
தோள், ஸ்விங், த்ரோ மூணையும் தனித்தனியாப் பார்க்கணும் முருகு. எல்லாத்தையும் .212ங்கிற ஒரே எண்ணுக்குள்ள அமுக்கினா முடிவு தப்பாப் போகும்.

மே மாச ஆரம்பத்துல ரேஸ் அணியோட ஆடினப்ப பந்துக்கு டைவ் அடிச்சதுல அந்தத் தோள் அடிபட்டது. லேப்ரம், அதாவது தோள் குழியைச் சுத்தி இருக்கிற குருத்தெலும்பு வளையம், ஓரளவு கிழிஞ்சிருந்தது. கார்ட்டிசோன் ஊசி போட்டுக்கிட்டு சீசனை ஓட்டினார். வலதுகை பேட்டருக்கு இடது தோள்தான் முன் தோள். பேட்டை இழுத்துக்கிட்டுப் போறதும் அதுதான், வீச்சு முடியிற இடத்துல வேகத்தைத் தாங்குறதும் அதுதான். அங்க பிடிப்பு தளர்ந்தா உடம்பு தானாவே சீக்கிரம் திறந்துக்கும். வெளிப்பக்கம் விலகிப் போற ஸ்லைடர் வகைப் பந்துக்கு பேட் எட்டாது.

ஆனா 2023லயும் 2024லயும் ஆபரேஷன் பேச்சே இல்ல. அப்பவும் தடுமாறினாரே, அதுக்குத்தான் ஸ்விங்கைப் பார்க்கச் சொல்றேன். முதல் வருஷம் கீழிருந்து மேல தூக்குற வீச்சு: 21 ஹோம் ரன் (எல்லையைத் தாண்டுற அடி), 167 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்). உயரமா வர்ற ஃபாஸ்ட்பாலுக்கு பேட் அடியிலயே போயிடும். 2024ல வீச்சைத் தட்டையாக்கினாங்க. ஸ்ட்ரைக்அவுட் குறைஞ்சு சராசரி .243 ஆச்சு, ஹோம் ரன் 12க்கு இறங்கிடுச்சு. 2025ல திரும்பத் தூக்கி அடிச்சார். 19 ஹோம் ரன், சராசரி பழைய இடத்துக்கே வந்துடுச்சு. இப்படி வருஷத்துக்கு ஒண்ணு மாத்தினா எந்த வீச்சும் உடம்புல ஊறாது. 5 அடி 9 அங்குல ஆளுக்கு தட்டை வீச்சுதான் அடிப்படையா இருக்கணும். ரெண்டு ஸ்ட்ரைக் ஆகுறதுக்கு முன்னாடி உள்பக்கம் வர்ற பந்தை மட்டும் தூக்கி இழுத்து அடிக்கட்டும். அதை ஒரு முழு வருஷம் மாத்தாம வச்சுப் பார்க்காம விக்கிறது அவசர வேலை.

டபிள்ப்ளே_தினா:
தோள் பத்தி அக்கா சொன்னது சரி. மத்ததுல எனக்கு உடன்பாடு இல்லை. ஏறக்குறைய 1,900 முறை பேட் பிடிச்சாச்சு. ஆன்-பேஸ் (அவுட் ஆகாம பேஸ் சேர்ற விகிதம்) .283, .293, .272. லீக் சராசரி .310க்கு மேல இருக்கிறப்ப ஒரு வருஷம்கூட .300 தொடலை. மூணு வருஷ சர்வீஸ் முடிஞ்சதால சம்பளம் இனி ஆர்பிட்ரேஷன்ல, அதாவது நடுவர் தீர்ப்பு முறையில, ஏறும். 2028 சீசன் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். இப்ப வாங்குற அணிக்கு மூணு சீசன் கிடைக்கும், அடுத்த குளிர்காலம் வாங்கினா ரெண்டுதான். பொறுக்கப் பொறுக்க விலை கரையும்.

ஏஞ்சல்ஸ் அணி பிராண்டன் வுட்டை இப்படித்தான் பொத்திப் பொத்தி வச்சிருந்தது. 2005ல மைனர் லீக்ல, அதாவது மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கிற லீக்ல, ஹை-ஏங்கிற படியிலேயே 43 ஹோம் ரன் அடிச்ச பையன். 2010ல மேஜர்ல .146. 2011 ஏப்ரல்ல வேய்வர்ஸ்ல (வேணும்ங்கிற அணி எடுத்துக்கலாம்ங்கிற பட்டியல்) விட்டாங்க, பைரேட்ஸ் எடுத்துக்கிட்டது. பதிலுக்கு ஒரு ஆட்டக்காரர்கூட வரலை.

ஆப்ஷன்_ராஜா:
வுட் கதை உண்மைதான் தினா, ஆனா எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. க்ளீவ்லாந்து 2002ல வாங்கின பிராண்டன் ஃபிலிப்ஸ் 2003ல .208தான் அடிச்சார். 2006 வந்தப்ப அவருக்கு மைனர் லீக் ஆப்ஷன், அதாவது ஆளை இழக்காம கீழ அனுப்புற உரிமை, தீர்ந்துபோச்சு. கீழ அனுப்ப வழியில்லாம, பேர் அப்புறம் சொல்றோம்ங்கிற ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக சின்சினாட்டிக்குக் கொடுத்துட்டாங்க. 2007ல 30 ஹோம் ரன், 32 ஸ்டீல் (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்றது). பின்னால நாலு கோல்ட் க்ளவ்.

அங்க நெருக்கினது ஆப்ஷன் விதி. வோல்பிக்கு அந்த நெருக்கடி இல்லை. 2023 தொடக்க நாள்லேர்ந்து இந்த மூணு சீசன்ல அவரைக் கீழ அனுப்பவே இல்லை, மூணு ஆப்ஷன் வருஷமும் அப்படியே இருக்கு. ஒரு சீசன்ல மொத்தம் 20 நாளுக்குக் குறைவா மைனர்ல இருந்தா அந்த வருஷக் கணக்குகூட ஆகாது.

டெட்ராய்ட் அணி அதைப் பயன்படுத்தித்தான் தன் பேட்டர் டார்கல்சனை மீட்டது. 2020 ட்ராஃப்டோட (புது ஆட்டக்காரர் தேர்வு) முதல் ஆள், 2022ல .203. தங்களோட மைனர் லீக் அணியான டொலீடோவுக்கு இறக்கினாங்க. 2023ல 31 ஹோம் ரன். 2024ல திரும்ப விழுந்தப்ப திரும்ப டொலீடோ. 2025ல மறுபடி 31.

ஆபரேஷனுக்கு அப்புறம் ரிஹேப் ஆட்டம் (மைனர்ல ஆடித் தேறுறது) பேட்டருக்கு 20 நாள்தான் அனுமதி. அந்தக் கெடு முடிஞ்ச உடனே மேல கூப்பிடாம யாங்கீஸோட மைனர் லீக் அணியான ஸ்க்ராண்டனுக்கு ஆப்ஷன் பண்ணட்டும். அவசரமா ஏத்தினா பாதி ஆறின தோளோட பழைய வீச்சுக்கே போவார்.

யாங்கீ_முருகு:
அப்ப 2026 ஆரம்பத்துல ஷார்ட்ஸ்டாப் யாரு? ஸ்க்ராண்டன்ல எதைப் பார்த்து முடிவு பண்றது?

ஸ்கோர்புக்_சாந்தி:
ஹோசே கபயேரோ இருக்காரே. ஜூலையில ரேஸ்கிட்டேர்ந்து வாங்கினது, 2025ல மொத்தம் 49 ஸ்டீல், மேஜர் லீக்லயே முதல் இடம். மைனர்ல இருக்கிற நம்ம இளம் ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ் லோம்பார்ட் ஜூனியருக்கு 20 வயசுதான், டபிள்-ஏங்கிற நடுப்படியோட பிட்சிங்கே இன்னும் பிடிபடலை. அவரை நம்பி வோல்பியை இப்ப விக்கக் கூடாது.

ஸ்க்ராண்டன்ல சராசரியைப் பார்க்காதீங்க, அது நிலைக்கு வர நூத்துக்கணக்கான வாய்ப்பு வேணும். ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 60 வாய்ப்புலயே ஓரளவு தெரிஞ்சிடும். உயர ஃபாஸ்ட்பாலுக்கு எத்தனை வீச்சு வெறுமனே போகுதுன்னு எண்ணுங்க.

டபிள்ப்ளே_தினா:
த்ரோவையும் சேர்த்துக்குங்க அக்கா. அவர் கை வலு பெருசு இல்லை, கால் வேலையிலதான் ஈடு கட்டுறார். மூணாம் பேஸ் பக்க இடைவெளியில பந்தை எடுத்தா முதல் பேஸுக்கு 120 அடிக்கு மேல எறியணும். வலது கால் பதியுறதுக்கு முன்னாடி கை கிளம்பிட்டா பந்து மண்ணுல விழும். ஜூலைக்குள்ள அது சரியாகலைன்னா ரெண்டாம் பேஸுக்கு மாத்திப் பார்க்கலாம். அங்க ஆடுற ஜாஸ் சிஷம் ஒப்பந்தம் 2026 சீசனோட முடியுது, இடம் வரும். அந்த ஒரு வழிக்காக மட்டும் ஜூலை வரைக்கும் பொறுக்க நானும் சம்மதிக்கிறேன்.