அறிக்கையை அறிக்கையாக காஸ்ட் செய்ய முடியாதாம்! எக்லிப்ஸ் பிளக்-இன் சிக்கல், உதவி தேவை

கேட்டவர்:
எக்லிப்ஸ் என்ற ஜாவா தளத்தின் மேல் ஒரு அப்ளிகேஷன் எழுதுகிறேன். இரண்டு பிளக்-இன்கள் (தளத்தில் செருகும் துண்டு மென்பொருள்கள்). ஒன்று கோப்பைப் படித்து 'அறிக்கை' ஆப்ஜெக்டை உருவாக்கும், மற்றது அதை வாங்கித் திரையில் காட்டும். கம்பைல் ஒழுங்காக ஆகிறது. ஓடவிட்டால் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன், அதாவது ஆப்ஜெக்டை அந்த கிளாஸாக (வகையாக) எடுத்துக்கொள்ள முடியாது என்ற பிழை. 'அறிக்கை' கிளாஸின் பெயர் இரண்டு பக்கமும் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு) பெயர் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மூன்று நாளாக இதிலேயே மண்டை காய்கிறது.

பதில் 1:
அந்த கிளாஸ் உள்ள ஜார் (கிளாஸ்களைக் கட்டி வைத்த கோப்பு) எங்கே இருக்கிறது? இரண்டு பிளக்-இன்னிலும் போட்டிருக்கிறீர்களா?

கேட்டவர்:
ஆமாம், இரண்டிலும். ஒரே ஜார்தான். பண்டில்-கிளாஸ்பாத்திலும் (கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்த்திருக்கிறேன்.

பதில் 1:
கோளாறு அங்கேதான். 2004-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எக்லிப்ஸ், ஓ.எஸ்.ஜி.ஐ. என்ற ஜாவா மாட்யூல் முறையின் மேல்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பிளக்-இன்னும் ஒரு பண்டில் (அதாவது ஒரு மாட்யூல்), ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி கிளாஸ்லோடர் (கிளாஸ்களை ஏற்றும் பகுதி). ஜாவா ஒரு கிளாஸைப் பெயரை மட்டும் வைத்து அடையாளம் காண்பதில்லை, எந்த கிளாஸ்லோடர் ஏற்றியது என்றும் பார்க்கும். உங்கள் ஜார் இரண்டு முறை ஏறியிருக்கிறது. பெயர் ஒன்றானாலும் அவை வேறு வேறு கிளாஸ்கள்.

ஜாரை மூன்றாவதாக ஒரு பண்டிலில் வையுங்கள். அதன் மேனிஃபெஸ்டில் (பண்டிலின் விவரக் கோப்பு) எக்ஸ்போர்ட்-பேக்கேஜ் போட்டு அந்தப் பேக்கேஜை வெளியே கொடுங்கள், மற்ற இரண்டிலும் இம்போர்ட்-பேக்கேஜ் போட்டு வாங்குங்கள். அப்புறம் பழைய பிரதிகளை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

பதில் 2:
இம்போர்ட்-பேக்கேஜுக்குப் பதில் ரிக்வயர்-பண்டில் (பண்டிலையே பெயர் சொல்லிக் கேட்பது) போட்டாலும் ஓடும். ஆனால் அது பண்டிலின் பெயரோடு கட்டிப்போட்டுவிடும். நாளைக்கு அந்தப் பேக்கேஜை வேறு பண்டிலுக்கு மாற்றினால் எல்லா மேனிஃபெஸ்டையும் திருத்த வேண்டி வரும். இம்போர்ட்டே நல்லது.

கேட்டவர்:
செய்தேன். இப்போது திரையில் காட்டும் பிளக்-இன் எழுந்திருக்கவே இல்லை. ஓ.எஸ்.ஜி.ஐ. கன்சோலில் 'எஸ்எஸ்' (பண்டில்களின் நிலையைக் காட்டும் கட்டளை) அடித்தால் 'இன்ஸ்டால்டு' என்றே நிற்கிறது.

பதில் 1:
'ரிசால்வ்டு' (தேவையானவை எல்லாம் கிடைத்த) நிலைக்கே வரவில்லை என்றால் அதற்குத் தேவையான ஏதோ ஒன்று கிடைக்கவில்லை. 'டயக்' அடித்து, பக்கத்தில் பண்டில் எண்ணைக் கொடுங்கள். எது குறைகிறது என்று காட்டிவிடும்.

கேட்டவர்:
காட்டியது! இம்போர்ட்டில் வெர்ஷன் 2.0 முதல் 3.0-க்கு முன் வரை என்று எழுதியிருந்தேன். எக்ஸ்போர்ட்டில் வெர்ஷனே போடவில்லை.

பதில் 1:
போடாவிட்டால் 0.0.0 என்று எடுத்துக்கொள்ளும், அதனால்தான் பொருந்தவில்லை. அந்தப் பேக்கேஜின் உண்மையான வெர்ஷனை எக்ஸ்போர்ட்டில் எழுதுங்கள்.

கேட்டவர்:
2.1.0 என்று போட்டேன். ஜார் பண்டில் 'ரிசால்வ்டு', மற்ற இரண்டும் 'ஆக்டிவ்'. அறிக்கை திரையில் வந்துவிட்டது! இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.