எலி உதரவிதானம்: மருந்து போடும் முன்பே சுருக்கம் குறைகிறது

கேள்வி (பினாங்கு):
ஃபிரெனிக் நரம்போடு (உதரவிதானத்தை இயக்கும் நரம்பு) எடுத்த எலி உதரவிதானம், அதாவது மூச்சுத் தசை. கிரெப்ஸ் கரைசல் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்), 37 டிகிரி. நரம்புக்கு மின்தூண்டல் 0.1 ஹெர்ட்ஸ், 0.2 மில்லிசெகண்ட். ரொகுரோனியம் (தசைத் தளர்த்தி மருந்து) போடுமுன்னே அரை மணியில் சுருக்கம் பாதியாகிறது. எங்கே கோளாறு?

பதில் 1 (கோலாலம்பூர்):
நரம்பா தசையா என்று முதலில் பிரிங்க. தசையை நேரடியாக 2 மில்லிசெகண்டில் தூண்டிப் பாருங்க. அதுவும் தளர்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை. 250 கிராமுக்கு மேல் எலி வேண்டாம். உதரவிதானம் தடிப்பாக இருக்கும், ஆக்சிஜன் நடு இழைகளுக்கு எட்டாது.

பதில் 2:
கரைசல் கலங்கலா? 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு கலவையை நன்றாகக் குமிழவிட்ட பிறகே கால்சியம் குளோரைடைச் சேர்க்கணும், அதுவும் கடைசியில், 2.5 மில்லிமோலார். முந்தினால் வெள்ளையாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்தால் நரம்பு முனை அசிடைல்கோலினை (தசையைச் சுருங்கச் சொல்லும் வேதிப்பொருள்) விடுவதும் குறையும். மெக்னீசியம் கூடினாலும் அதே கதைதான்.

கேட்டவர்:
கரைசல் தெளிவு. நேரடித் தூண்டலில் சுருக்கம் குறையவில்லை சார்.

பதில் 1:
அப்போ நரம்புதான். எலக்ட்ரோடு கரைசல் மட்டத்துக்கு மேலே நிற்கிறதா பாருங்க. ஏர்கோன் காற்றில் நரம்பு சீக்கிரம் காயும். நரம்பில் கட்டிய நூலை இழுத்துக் கட்டாமல் தொய்வாக விடுங்க. வெப்பநிலையைத் தொட்டிக்குள்ளேயே அளங்க, சுடுநீர்ப் பம்பு காட்டும் எண்ணை நம்பாதீங்க.