டிக்கெட் ஒன்றா, இரண்டா? விமானம் தாமதமாகும் நாளில் இதுதான் கேள்வி

புதிதாக வெளிநாடு வந்து முதல் தடவை ஊருக்கு டிக்கெட் தேடுகிறவர்களுக்கும், அம்மா அப்பாவைத் தனியாக வரவழைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விமானம் தாமதமாவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அது சில மணி நேரக் காத்திருப்போடு முடியுமா, கைக்காசு போட்டுப் புது டிக்கெட் வாங்க வைக்குமா என்பது பெரும்பாலும் டிக்கெட் வாங்கிய அன்றே முடிவாகிவிடுகிறது.

சென்னையிலிருந்து துபாய்க்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வேறொரு நிறுவனம் என்று தனித்தனியாக வாங்கினால் பல சமயம் விலை குறைவாகத் தெரியும். தயவுசெய்து அந்த மிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் (முன்பதிவு எண்) இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை அதுவாகவே போய்ச் சேரும். இரண்டு டிக்கெட் என்றால் கதை வேறு. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வரவே இல்லை. ‘நோ ஷோ’ என்று போட்டுவிடுவார்கள். அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணம் இருந்தால், பெரும்பாலும் அதுவும் சேர்ந்து ரத்தாகும். பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. சில இணையதளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒன்றாகக் கோத்து ஒரே பயணம் போலக் காட்டும். ஓரத்தில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். தனி டிக்கெட்டுகள்தான் என்ற கட்டாயம் வந்தால், இரண்டு பயணங்களுக்கும் நடுவே ஒரு இரவாவது இடைவெளி வையுங்கள்.

ஒரே டிக்கெட்டிலும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மணி நேரச் சொச்சத்தில் விமானம் மாறும்படியும் விற்பார்கள். இளையவர்கள் ஓடிப் பிடித்துவிடலாம். பெற்றோர் வருகிறார்கள் என்றால் மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், அன்றைக்கே அடுத்த விமானம் ஒன்று இருக்கிறதா என்பது. நாளின் கடைசி விமானத்துக்கு மாறும்படி வாங்கினால், தவறவிட்ட அன்று இரவு முழுக்க அங்கேதான்.

மாதத்தையும் யோசியுங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் சென்னைக்குப் புயல் காலம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று சென்னை விமான நிலையம் மறுநாள் காலைவரை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கும் மூடினார்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாக வந்தால் மூடுபனி. 2024 ஏப்ரல் 16 அன்று, 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து காணாத மழை அமீரகத்தில் கொட்டியது. துபாய் விமான நிலையம் இயல்புக்குத் திரும்பப் பல நாள் ஆனது. அப்படிப்பட்ட நாளில் வரிசை எவ்வளவு நீண்டாலும், ஒரே டிக்கெட் வைத்திருப்பவரை ஊர் கொண்டு சேர்க்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முதல் நாள் இறங்கும்படி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

சரி, தாமதம் அறிவித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

டிரான்ஸ்ஃபர் கவுன்டர் வரிசையில் நில்லுங்கள், ஆனால் சும்மா நிற்காதீர்கள். நிறுவனத்தின் செயலியைத் திறந்து பாருங்கள். பல நேரம் கவுன்டர் ஆள் சொல்வதற்கு முன்பே புது விமானம் அதில் வந்திருக்கும். இன்னொரு பக்கம் வாடிக்கையாளர் எண்ணுக்கும் அழையுங்கள். ஒரு நாட்டு எண் கிடைக்காவிட்டால் இன்னொரு நாட்டு எண்ணில் முயலலாம். பி.என்.ஆர். எண் தெரிந்தால் வீட்டில் இருக்கும் ஒருவரும் உங்களுக்காகப் பேசிப் பார்க்கலாம். அதனால் பயணம் கிளம்பும் முன்பே அதை இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

மாற்று விமானத்துக்குச் சரி என்று சொல்லும் முன் அது எந்த ஊர் வழியாகப் போகிறது என்று கேளுங்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு இது மிக முக்கியம். கவுன்டரில் இருப்பவர் அவசரத்தில் லண்டன் வழியாகப் போட்டுவிடுவார். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு லண்டனில் விமானம் மாறவே டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் விலக்கு உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எல்லா ஷெங்கன் நாடுகளிலும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலைய டிரான்சிட் விசா தேவை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது நாட்டுக்கு நாடு மாறும். இரண்டு ஷெங்கன் ஊர்களில் மாறிப் போகும்படி அமைந்தால் முழு ஷெங்கன் விசாவே வேண்டும், ஏனென்றால் முதல் ஊரிலேயே நீங்கள் உள்ளே நுழைந்துவிடுகிறீர்கள். அமெரிக்காவில், நாட்டுக்குள் நுழையாமலே விமானம் மாறும் டிரான்சிட் பகுதி என்று ஒன்றே கிடையாது. விசா இல்லாமல் அந்த வழியே போக முடியாது. ஆகவே, “என்னிடம் இந்தப் பாஸ்போர்ட், இந்த விசாக்கள் இருக்கின்றன, இந்த வழியில் போக முடியுமா?” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கேளுங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் கேட்கத் தயங்கி, காசு கொடுத்துச் சாப்பிட்டு, நாற்காலியில் தூங்கிவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சாப்பாட்டுக்கு ‘மீல் வவுச்சர்’ உண்டா, ராத்திரி தங்க ஹோட்டல் உண்டா, தாமதத்துக்கு எழுத்தில் கடிதம் கிடைக்குமா என்று மூன்றையும் கேளுங்கள். அந்தக் கடிதம் அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்கும் உதவும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். சாப்பாட்டு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இது தயவு கேட்பது அல்ல, பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக ஊர் சேர்ந்தால் 600 யூரோ இழப்பீடு. மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் என்றால் அது பாதியாகலாம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும், ஐரோப்பாவுக்கு வரும் ஐரோப்பிய நிறுவனத்துக்கும் இது பொருந்தும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து தோஹா வழியாகச் சென்னை போகிறீர்கள், தாமதம் தோஹாவில்தான் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அப்போதும் பொருந்தும். பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாகப் போன ஒரு பயணியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. இரண்டு டிக்கெட்டாக வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சென்னையிலிருந்து தோஹா வழியாக வளைகுடா நிறுவனத்தில் ஐரோப்பா வரும்போதும் இந்த விதி பொருந்தாது.

விமானத்தில் கோளாறு என்று சொல்லி மறுத்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், இழப்பீடு தராமலிருக்க நிறுவனத்துக்கு உள்ள விலக்கில் சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு பொதுவாகச் சேராது. புயல், பனி போன்றவை சேரும். ஆனால் பணம் கிடைக்காத அந்த நாளிலும் சாப்பாடும் தங்குமிடமும் உங்கள் உரிமைதான். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானம் மூடிக் கிடந்ததைக்கூட அந்த நீதிமன்றம் ஒரு சாக்காக ஏற்கவில்லை.

பிரிட்டனிலும் இதே மாதிரி விதிதான், நீண்ட பயணத்துக்கு 520 பவுண்டு வரை. கனடாவில் பெரிய நிறுவனங்கள், தாமதம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்து, பாதுகாப்புக் காரணமும் இல்லை என்றால், நேரத்தைப் பொறுத்து 400, 700, 1,000 கனடிய டாலர் தர வேண்டும். அமெரிக்காவில் தாமதத்துக்கு இழப்பீடு தரும் கட்டாயம் இல்லை. சர்வதேச விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போக வேண்டாம் என்று முடிவு செய்தால் டிக்கெட் பணம் திரும்ப வரும்.

பெற்றோர் தனியாக வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகளின் பிரசவத்துக்கு வரும் அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணமாக இருக்கும். நடக்க முடிந்தாலும், பெரிய விமான நிலையம் என்றால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குக் கொண்டு விடுவதும், கேட் மாறினால் சொல்வதும் உதவியாளர் பார்த்துக்கொள்வார். ஒரு தாளில் பெயர், பி.என்.ஆர்., போக வேண்டிய ஊர், உங்கள் தொலைபேசி எண், அவர் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். “விமானம் தாமதமானால் இந்தத் தாளைக் காட்டும்மா, கேட்டை விட்டு நகராதே” என்று முன்பே சொல்லி வையுங்கள்.

துபாயில் மாறுகிறார்கள் என்றால் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது. இது தெரியாமல் இரண்டு பக்கமும் பதறிப் போகிறார்கள். எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். கிளம்பும் முன் வீட்டிலேயே குரல் பதிவு அனுப்பிப் பழக்குங்கள். இந்திய சிம்மில் ரோமிங் போட்டிருக்கட்டும், சில இடங்களில் வைஃபைக்கும் கார்டுக்கும் ஓ.டி.பி. வந்தால்தான் வேலை நடக்கும். இந்திய வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறந்து வைக்க வேண்டும். 2020க்குப் பின் கொடுக்கும் கார்டுகளில் அது மூடியே வரும்.

மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் சில நாளுக்கும் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு. பெட்டியில் போட்டால் தாமத நாளில் கைக்கு வராது. கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளுக்கு அமீரகத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. தாமத நாளில் விமான நிலையத்தை விட்டு ஹோட்டலுக்குப் போக நேரலாம் என்பதால் அதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒரு நாள் முழுக்கக் கெடாது. பொடி தடவிய இட்லியும் சப்பாத்தியும் சரி. ஊறுகாய், நெய், தயிர், சட்னி எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் போய்விடும், நடு ஊரில் மறுபடியும் சோதனை உண்டு. ஐரோப்பாவுக்குள் பால்கோவா, நெய் மாதிரி பால் பொருட்களுக்குத் தடை. ஆஸ்திரேலியாவில் எந்தச் சாப்பாடு மிச்சம் இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும்.

தெரிந்தே நீண்ட இடைவெளி எடுப்பவர்களுக்கு சிங்கப்பூர் சாங்கிதான் என் முதல் தேர்வு. படுத்துத் தூங்க இடம் உண்டு, மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் உண்டு, ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் இலவச நகரச் சுற்றுலாவும் உண்டு. ஆனால் சுற்றுலாவுக்கும், விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் வளாகத்தில் அருவி பார்க்கவும் நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். தோஹாவில் அமைதி அறைகளைத் தேடிப் போங்கள். துபாயில் எமிரேட்ஸ், இஸ்தான்புல்லில் டர்கிஷ் ஏர்லைன்ஸ் நீண்ட இடைவெளிக்கு ஹோட்டல் தருகின்றன. துபாயில் பயணத்துக்கு முன்பே பதிவு செய்தால்தான் உண்டு.

கடைசியாகப் பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவம் எழுதி எண்ணை வாங்குங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தக் கணக்கு. விமானத் தாமதத்துக்கான இழப்பீட்டுக்கு நிறுவனத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். இடைத்தரகர்கள் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வார்கள். கனடாவில் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். ஜெர்மனியில் விமானம் பறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு ஆண்டு அவகாசம். போன வருஷம் தாமதமான டிக்கெட் உங்கள் மின்னஞ்சலில் கிடந்தால் இப்போதே தேடி எடுத்துப் பாருங்கள்.