கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைப்பது தீர்வா, காலம் கடத்தும் வழியா?

கடலோடி (கேள்வி):

வணக்கம். பருவநிலை மாற்றம் குறித்த அரசுத் திட்ட ஆவணங்களில் எதை எடுத்துப் படித்தாலும், ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கு அடியில் அடைத்துவிடலாம் என்ற உறுதிமொழி எங்கேனும் ஓரிடத்தில் வந்துவிடுகிறது. நார்வே 1996 முதல் இதைச் செய்துவருகிறது. அப்படியிருந்தும், உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பிடிக்கப்படும் அளவு ஏறத்தாழ 5 கோடி டன்னில்தான் நிற்கிறது. புதைபடிவ எரிபொருள்களால் வெளியேறுவதோ ஆண்டுக்கு 3,700 கோடி டன்னைத் தாண்டிவிட்டது.

உள்ளே செலுத்திய வாயு அங்கேயே தங்கும் என்று எதை வைத்து நம்புகிறார்கள்? நிலக்கரியையும் எண்ணெயையும் தொடர்ந்து எரிப்பதற்கு இது ஒரு சாக்காகிவிடாதா? இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாறைமொழி:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். நிலத்தடிச் சேமிப்பு என்றதும் பெரிய குகையோ தொட்டியோ இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வாயு சென்று தங்குவது மணற்கல்லின் மணிகளுக்கு இடையே உள்ள, உவர்நீர் நிறைந்த நுண்துளைகளில். ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் போதிய அளவு இருப்பதால், கரியமில வாயு திரவத்துக்கு நெருங்கிய அடர்த்தியும் வாயுவுக்குரிய பாயும் தன்மையும் கொண்ட நிலைக்கு மாறிவிடுகிறது. தரைமட்டத்தில் ஒரு டன் வாயுவுக்கு வேண்டிய இடத்தில் மிகச் சிறு பங்கே அங்கே போதும்.

வட கடலில் உள்ள ஸ்லைப்னர் வயலில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் சுமார் 9 விழுக்காடு கரியமில வாயு கலந்திருந்தது. விற்பதற்கு அதைப் பிரித்தே ஆக வேண்டும். 1991-ல் நார்வே விதித்த கார்பன் வரியால் அதைக் காற்றில் விடுவது செலவுமிக்கதாகிவிட்டது. ஆகவே கடற்படுகைக்குக் கீழே உள்ள உட்சிரா மணற்கல் அடுக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வரை செலுத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலநடுக்க அலைகளைப் போன்ற செயற்கை அலைகளை அனுப்பிப் படமெடுத்தபோது, மெல்லிய களிமண் அடுக்குகளுக்கு அடியில் வாயு தனித்தனித் தட்டுகளாகப் பரவி நிற்பது தெரிந்தது. நம்பிக்கையின் அடிப்படை இத்தகைய படங்கள்தான்.

முதலில் வாயுவைத் தடுத்து நிறுத்துவது மேலே உள்ள மூடுபாறை. பிறகு ஒரு பகுதி நுண்துளைகளிலேயே சிக்கிக்கொள்கிறது. இன்னொரு பகுதி உவர்நீரில் கரைகிறது. கரைந்த நீர் சற்றே கனமாவதால் மேலெழாமல் கீழே இறங்குகிறது. கடைசியாகச் சிறிது சிறிதாகக் கனிமமாக மாறுகிறது. ஐஸ்லாந்தில் 2012-ல் நீரில் கரைத்துப் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்திய சோதனையில், 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறைந்துகொண்டே போகும் அரிய அமைப்பு இது என்பதே என் கருத்து.

எல்லா இடமும் இப்படி அமைவதில்லை. அல்ஜீரியாவின் இன் சாலாவில் செலுத்துகிணறுகளின் மேலுள்ள தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. மூடுபாறை குறித்த ஐயத்தால் 2011-ல் பணியை நிறுத்தினார்கள். நார்வேயின் ஸ்னோவிட் திட்டத்திலும் எதிர்பார்த்ததைவிட விரைவாக அழுத்தம் ஏறியதால் வேறொரு அடுக்குக்கு மாற நேர்ந்தது. இடத்தேர்வில் அவசரப்பட்டால் இந்தத் தொழில்நுட்பத்தின் மீதுள்ள நம்பிக்கையே போய்விடும்.

கரிமவேதி:

இத்தனை ஆண்டுகள் ஆகியும் அளவு ஏன் கூடவில்லை என்பதற்கான விடை பாறையில் இல்லை. பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆலைகளில் புகையை அமீன் என்ற அம்மோனியா வழிவந்த வேதிப்பொருளின் கரைசல் ஊடே செலுத்துகிறார்கள். ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில் கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. 120 டிகிரிக்குச் சூடேற்றினால் விட்டுவிடுகிறது. அந்தச் சூட்டுக்கான நீராவி மின்நிலையத்தின் விசையாழிக்குச் செல்லவேண்டிய நீராவியிலிருந்தே எடுக்கப்படுவதால், அதே அளவு மின்சாரம் தருவதற்கு இன்னும் அதிக நிலக்கரியை எரிக்க வேண்டியிருக்கிறது. வாயு நீர்த்துப்போகப் போகச் செலவும் ஏறுகிறது: நிலக்கரிப் புகையில் 12 முதல் 15 விழுக்காடு, எரிவாயு விசையாழியின் புகையில் சுமார் 4, வெறுங்காற்றில் 0.04 விழுக்காடு மட்டுமே. காற்றிலிருந்து நேரடியாகப் பிடிப்பதை எளிதான வழியாகப் பேசுவோர் இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வைத்துப் பேச வேண்டும்.

நிலக்கரி மின்நிலையங்களின் அனுபவம் கசப்பானது. அமெரிக்காவின் கெம்பர் திட்டம் 750 கோடி டாலரை விழுங்கியபின் 2017-ல் நிலக்கரியையே கைவிட்டு எரிவாயுவுக்கு மாறியது. சூரிய ஒளியும் காற்றும் இவ்வளவு மலிந்துவிட்ட நிலையில், புதிய நிலக்கரி நிலையத்துக்கு இதைக் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

சிமென்ட் ஆலையின் கதை வேறு. அங்கே வெளியேறும் வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே வெளிவிடுவது அது. உலையை முழுக்கத் தூய மின்சாரத்தால் சூடேற்றினாலும் அந்தப் பங்கு வந்தே தீரும். நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் 2025-ல் தொடங்கப்பட்ட அமைப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கக்கூடியது. அந்த வாயு திரவமாகக் கப்பலில் ஏறி, மேற்குக் கரையில் இறங்கி, குழாய் வழியே கடற்படுகைக்கு 2,600 மீட்டர் கீழே சென்று சேர்கிறது. இதற்கு ஈடான மாற்றுவழி இன்று நம் கையில் இல்லை.

வெண்மணல்:

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதுவரை பிடிக்கப்பட்ட வாயுவின் பெரும்பகுதி, வற்றிவரும் எண்ணெய்க் கிணறுகளில் மிச்சத்தை வெளியேற்றுவதற்கே செலுத்தப்பட்டிருக்கிறது. டெக்சாஸில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தின் வாயுவைப் பிடிக்கும் பெட்ரா நோவா அமைப்பு, எண்ணெய் விலை சரிந்த 2020-ல் மூடப்பட்டு 2023-ல்தான் மீண்டும் இயங்கியது; வாயுவைப் பிடிப்பதா வேண்டாமா என்பதை எண்ணெய் விலை முடிவு செய்தது. ஆஸ்திரேலியாவின் கார்கனில் 2016-ல் எரிவாயு ஏற்றுமதி தொடங்கிவிட்டது. நிலத்தடிச் செலுத்துதல் 2019-ல்தான் தொடங்கியது. 80 விழுக்காட்டைப் புதைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் முதல் ஐந்தாண்டுகளில் நிறைவேறவில்லை. கடலோடி அவர்களின் உறுத்தல் நியாயமானது.

கடலோடி:

மூவருக்கும் நன்றி. குழாய்களின் பாதுகாப்பு எப்படி? ஐம்பது ஆண்டுகள் கழித்து நிறுவனம் மறைந்துவிட்டால், உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு?

பாறைமொழி:

குழாய்களைப் பற்றிய அச்சம் காரணமற்றதல்ல. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே, மழையால் மண் சரிந்து ஒரு குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு பள்ளத்தில் தேங்கியதால், மக்கள் மூச்சுத் திணறினார்கள். தப்ப முயன்றவர்களின் கார் எஞ்சின்கள்கூட ஆக்சிஜன் இன்றி நின்றுபோயின. சுமார் 45 பேர் மருத்துவமனைக்குச் சென்றார்கள், 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை. மக்கள் வாழும் பகுதிகளைத் தவிர்த்துக் குழாய் பதிப்பதும், கசிவை உடனே காட்டும் கருவிகளும், மீட்புப் பணியாளர்களுக்கு முன்கூட்டிய பயிற்சியும் கட்டாயமாக வேண்டும்.

பொறுப்பு குறித்து ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறை ஒரு வழி காட்டுகிறது. சேமிப்பிடம் மூடப்பட்ட பிறகும் நிறுவனமே கண்காணிக்க வேண்டும். வாயு நிலையாக அடைபட்டுவிட்டது என்பதற்குச் சான்று காட்டிய பின்னரே, பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கழித்து, பொறுப்பு அரசுக்கு மாறும். அதன் பிந்தைய கண்காணிப்புச் செலவுக்கு நிறுவனம் முன்கூட்டியே பணமும் தர வேண்டும். என் பார்வையில், ஒரு நாட்டின் திட்டத்தை எடைபோடும்போது முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுதான்: எத்தனை டன் என்று எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன், யார் எத்தனை ஆண்டு கண்காணிப்பார், அந்தப் பணம் எந்தக் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.