பழைய பஜெரோவுக்கு டிஃப் ரேஷியோ மாற்றினால் டீசல் மிச்சமாகுமா?

தெகிவளை ஜீப்:
அண்ணாமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு பஜெரோ, 4டி56 டர்போ டீசல் 2.5, மனுவல் கியர். வாங்கும்போதே 31 இஞ்சி மட் டயர் போட்டிருந்தது. இப்போது லீற்றருக்கு 8 கிலோமீற்றர் தருகிறது. இதே வாகனம் 10 தந்ததாக முந்திய சொந்தக்காரர் சொன்னார். வேலைக்குக் கோட்டை வரை காலி வீதியில் ஓட்டம், இடைக்கிடை யாழ்ப்பாணம், சில நேரம் அதிவேகப் பாதையில் காலி.

அதிவேகப் பாதையில் மீற்றர் 100 காட்டும்போது இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கத்திக்கொண்டு போகிறது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் பெற்றோல் பஜெரோவில் கழற்றிய 4.272 டிஃப் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதற்கு வரும் தண்டு 4.272 சுற்று சுற்றும் டிஃபரன்ஷியல்) முன்னுக்கும் பின்னுக்கும் சோடியாக இருக்கிறதாம். போட்டால் சுற்று குறையும், டீசலும் குறையும் என்கிறார்கள். 2022இல் டீசல் 460 ரூபாய்க்குப் போனதில் இருந்து இந்தக் கணக்குத்தான் மண்டைக்குள் ஓடுகிறது. இன்றைக்கு வாகன விலை இருக்கிற இருப்பில் இதை விற்று வேறு வாங்கவும் முடியாது. செய்யலாமா?

மருதானை கராஜ்:
தம்பி, முதலில் உங்கள் டிஃப் என்ன ரேஷியோ என்று பாருங்கள். போனட்டுக்குள் இருக்கும் தகட்டில் கியர்பொக்ஸ் இலக்கத்துக்குப் பக்கத்தில் 4875, 4636 என்று நாலு இலக்கம் அடித்திருக்கும். அதுதான் ரேஷியோ.

இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியும் இருக்கலாம், அதனால் கையாலும் எண்ணிப் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். நியூட்ரலில், 2எச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) விட்டு, ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜக் போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். புரொப்பெலர் ஷாஃப்டில் (டிஃபுக்கு வரும் தண்டு) வெண்கட்டியால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. கிட்டத்தட்ட நாலே முக்கால் தாண்டி ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 4.875.

இன்னொன்று. இஞ்சினுக்கு இஞ்சின் டிஃபின் அளவு வேறு. பெற்றோல் வண்டியின் உருப்படி உங்கள் அக்சிலுக்குள் அப்படியே போய் இருக்கும் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

தெகிவளை ஜீப்:
பார்த்தேன் அண்ணா. தகட்டிலும் 4875, வெண்கட்டிக் கணக்கும் அதுதான்.

கொட்டாஞ்சேனை டீசல்:
4.875இல் இருந்து 4.272க்குப் போனால் அதே வேகத்தில் இஞ்சின் சுற்று 12 சதவீதம் குறையும். அது உண்மை. ஆனால் சுற்று 12 குறைந்தால் டீசலும் 12 குறையும் என்று நினைக்க வேண்டாம். காற்றைத் தள்ள வேண்டிய பலம் அப்படியேதான் இருக்கிறது, மிச்சமாவது இஞ்சினின் உள் உராய்வில் ஒரு பங்கு மட்டும். பெற்றோல் இஞ்சின் என்றால் த்ரொட்டிலில் காற்றை இழுக்கும் சிரமமும் குறையும், டீசலில் அந்த லாபமும் பெரிதாகக் கிடையாது.

அதை எங்கே அனுபவிக்கப் போகிறீர்கள் என்றும் பாருங்கள். அதிவேகப் பாதையை விட்டால் சட்டப்படி 70தான். 70இல் உங்கள் இஞ்சின் இப்போதே 2,000 சுற்றில் ஓடுகிறது. இந்த இஞ்சினுக்கு இழுவை உச்சத்தில் இருக்கும் இடமும் அதுதான். அதைக் கீழே இறக்கினால் சின்ன ஏற்றத்துக்கும் நாலாம் கியர் போட வேண்டிவரும். பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று நின்று போகும்போது முதலாம் கியரும் நீளமாகிவிடும் (அதே சுற்றில் வேகம் கூடும், இழுவை குறையும்), கிளட்சைக் கூடத் தேய்ப்பீர்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாதம் 300 கிலோமீற்றர் அதிவேகப் பாதையில் ஓடினால் 30 லீற்றர் என்று வையுங்கள். அதில் 5 சதவீதம் மிச்சம் பிடித்தால் ஒன்றரை லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றாலும் 450 ரூபாய். அதற்காக இரண்டு டிஃப் வாங்கி, பேரிங், சீல், கூலி எல்லாம் கொடுத்து, அந்தக் காசு எப்போது திரும்பி வரும்?

100இல் போவதை 85 ஆக்குங்கள். காற்றின் எதிர்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும், செலவு ஒன்றும் இல்லை.

இனி முக்கியமான விஷயம். கம்பனி டயர் 235/75 ஆர்15. நீங்கள் போட்டிருக்கும் 31 இஞ்சி அதைவிட 5, 6 சதவீதம் பெரியது. அதாவது ரேஷியோ ஏற்கெனவே அவ்வளவு நீண்டுவிட்டது. மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் 105ஐ ஒட்டிப் போகிறீர்கள், ஓடிய தூரத்தையும் அது குறைத்துக் காட்டுகிறது. 8 என்று நீங்கள் கணக்குப் பார்த்தது நிஜத்தில் எட்டரைக்குக் கிட்ட. இந்த வாகனத்தில் வேகமானி ட்ரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் டிஃபுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருந்து, டிஃபுக்கு முன்னாலேயே, கணக்கெடுக்கிறது. அதனால் 4.272 போட்டால் இன்னும் மோசம்: 100 கிலோமீற்றர் ஓடினால் 83 என்று காட்டும். பிறகு டிஃப் மாற்றியதால் டீசல் கூடிவிட்டது என்று இங்கே வந்து எழுதுவீர்கள்.

ஃபோனில் ஜிபிஎஸ் போட்டுத் தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதைச் செய்யாமல் ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

டிஃபெண்டர் 300:
ரேஷியோ மாற்றுவதே வீண் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். என்னுடைய டிஃபெண்டரில் 1.41 ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸை எடுத்துவிட்டு டிஸ்கவரியின் 1.22ஐப் போட்டேன். சுற்று 13 சதவீதம் குறைந்தது, நீண்ட ஓட்டத்தில் காதுக்கும் நல்ல சுகம். ஆனால் அங்கே ஒரே ஒரு பெட்டி, முன்னும் பின்னும் சேர்ந்தே மாறுகிறது. வேகமானி அந்தப் பெட்டியின் வெளியீட்டில் இருந்து எடுப்பதால் மீற்றரும் பிசகவில்லை. பஜெரோவில் இரண்டு டிஃபைத் திறக்க வேண்டும். பின்னுக்கு மட்டும் மாற்றிவிட்டு ஒரு நாள் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டீர்களானால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன்னையும் பின்னையும் இணைக்கும் நடு டிஃபை லொக் பண்ணினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செயினும் கியரும் போகும். அதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

மருதானை கராஜ்:
கிரவுன் பினியன் (டிஃபுக்குள் இருக்கும் பல்சக்கரச் சோடி) வேலை கை பழகிய ஆள் செய்ய வேண்டியது. பல்லில் நீல மை பூசிச் சுற்றி, மை எங்கே அழிகிறது என்று பார்த்து, ஷிம் (மெல்லிய தகடு) ஏற்றி இறக்கி, பக்லாஷ் (பல்லுக்குப் பல் விடும் இடைவெளி) பிடிக்க வேண்டும். அவசரத்தில் பூட்டிய டிஃப் 60இலேயே ஊளையிடத் தொடங்கும், பிறகு அது ஓயாது.

தம்பி, ஓடும்போது வெப்ப முள் எங்கே நிற்கிறது?

தெகிவளை ஜீப்:
நேற்று கொட்டாவையில் ஏறி ஜிபிஎஸ் போட்டுப் பார்த்தேன். ஃபோனில் 50 கிலோமீற்றர் தூரம் வரும்போது மீற்றரில் 47ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னது அப்படியே சரி, நன்றி.

மருதானை அண்ணா, முள் பாதிக்கு வரவே வராது. இரவில் யாழ்ப்பாணம் போகும்போது கிட்டத்தட்ட அடியில்தான் கிடக்கும். இஞ்சின் நல்ல குளிர்ச்சி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மருதானை கராஜ்:
தேர்மோஸ்டட் (இஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இல்லை. கொழும்பு வெயிலுக்கு அது வேண்டாம் என்று கழற்றி எறிகிற பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. சூடேறாத டீசல் இஞ்சின் எப்போதும் கூடத்தான் குடிக்கும், சிலிண்டரும் கெதியில் தேயும். அந்த இஞ்சினுக்குரிய தேர்மோஸ்டட்டும் புது கேஸ்கெட்டும் வாங்கிப் போடுங்கள். ஆனால் யாராவது ஏதோ காரணத்துக்காகக் கழற்றியிருப்பார்கள். ரேடியேட்டரைக் கழுவி, ஃபேனின் விஸ்கஸ் கிளட்ச் (சூடானதும் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் பகுதி) பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இந்த இஞ்சினின் ஹெட் சூட்டைத் தாங்காது.

அன்றைக்கே நாலு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. டீசல் தெளிக்கும் நொசில் நாலையும் பம்ப் கடையில் கொடுத்து அழுத்தமும் தெளிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். மட் டயர் தேய்ந்ததும் 235 ஹைவே டயருக்கு மாறினால் மீற்றரும் சரியாகும், உருளும் இழுவையும் குறையும்.

தெகிவளை ஜீப்:
சரி அண்ணா. பஞ்சிகாவத்தைக்காரருக்கு டிஃப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ரேடியேட்டரைக் கழற்றுகிறார்கள். டாங்கை நிரப்பி, ஜிபிஎஸ் தூரத்தை வைத்துக் கணக்கெடுத்து இங்கேயே போடுகிறேன். தேர்மோஸ்டட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மருதானை கராஜ்:
பழையது இல்லாததால் இஞ்சின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கியதும் கொதிநீரில் போட்டு வால்வு திறக்கிறதா என்று பாருங்கள். பூட்டும்போது அதில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை மேல் பக்கம் இருக்கட்டும்.