கவுன்சலிங் செலவைக் காப்பீட்டில் கேட்கலாமா?

காட்பாடிக்காரி: ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தூக்கம் கெட்டு, வேலூரில் வாராவாரம் மனநல ஆலோசகரைப் பார்க்கிறேன், செலவு கைக்காசு. அலுவலகக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்புகளைப் பார்ப்பவர் என் பெரியப்பா மகன். விண்ணப்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தைகள் வரை தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற முகவர்: அம்மா, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். புறநோயாளிச் செலவு உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அண்ணனைப் பற்றிய கவலையே வீண்.

பாகாயம் வாசகர்: கைக்காசு கரைந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 (டெலி மானஸ்) இலவசம், தமிழிலேயே பேசலாம்.

காட்பாடிக்காரி: பார்த்துவிட்டேன், புறநோயாளிச் செலவு கிடையாதாம். அண்ணன் பிழைத்தார்!