டாட்சன் 240இசட்: "மேட்சிங் நம்பர், துரு இல்லை" என்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

நீலக்கதவு:
சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு 240இசட் (பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்) விற்பனைக்கு வந்திருக்கிறது. இடப்பக்க ஸ்டியரிங், நான்கு கியர். "1970 சீரிஸ் 1, மேட்சிங் நம்பர், துரு இல்லை, புது பெயிண்ட்" என்று விளம்பரம். போட்டோவில் டிக்கிக் கதவில் காற்றுத் துளை எதுவும் இல்லை. கூரையைத் தாங்கும் பின் தூணில் வட்டமான இசட் சின்னம் தெரிகிறது. நேரில் பார்க்க ஒரு மணி நேரம் தருகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

எல்24:
அந்தப் போட்டோவே பாதி பதில். சீரிஸ் 1, அதாவது முதலில் வந்த வடிவம் என்றால் டிக்கிக் கதவில், கண்ணாடிக்குக் கீழே, இரண்டு காற்றுத் துளைகள் இருக்கும். தூணில் "240இசட்" என்று எழுத்தாகவே இருக்கும். 1971 தொடக்கத்தில்தான் துளை தூணுக்கு மாறி வட்டச் சின்னம் வந்தது. டிக்கிக் கதவை மாற்றுவது சுலபம், தூணை யாரும் அவ்வளவு மெனக்கெட்டு மாற்ற மாட்டார்கள். ஆகவே இது சீரிஸ் 1 போலத் தெரியவில்லை. டிரைவர் கதவு நிலையில் உள்ள தகட்டில் தயாரான மாதம் இருக்கும், அதைப் படியுங்கள். ஆவணத்தில் உள்ள ஆண்டு விற்ற ஆண்டாகவும் இருக்கலாம்.

அடுத்தது நம்பர். எச்எல்எஸ்30 என்று தொடங்கும் சேசிஸ் நம்பர் மூன்று இடத்தில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்: டேஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் தகடு, பானெட்டுக்குள் உள்ள தகடு, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) நேரடியாகக் குத்திய எண். மூன்றாவதுதான் முக்கியம். அதைச் சுற்றி வெல்டிங் தடமோ, கிரைண்டர் கீறலோ, அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயிண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சின் நம்பர் பிளாக்கின் (எஞ்சினின் அடி உடல்) வலப்பக்கம், பின்புறமாக, அதன் மேல் மூடியான ஹெட்டுக்குச் சற்றுக் கீழே குத்தியிருக்கும். பானெட் தகட்டில் உள்ள எஞ்சின் நம்பரும் அதுவும் ஒத்துப்போனால்தான் "மேட்சிங்".

பட்டிவேலை:
நம்பர் சரியாக இருந்து தகரம் போயிருந்தால் என்ன பயன்? இந்த வண்டியைத் தின்பது துருதான். முதலில் பேட்டரி தட்டு. ஆசிட் ஒழுகி தட்டையும், பக்கத்து ஃபயர்வாலையும், கீழே சேசிஸ் ரெயிலையும் அரிக்கும். தட்டை மட்டும் புதிதாக மாற்றி பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அதனால் டார்ச்சோடு கீழே படுத்து ரெயிலைப் பாருங்கள். அது தட்டையாக நசுங்கியிருந்தால் ஜாக்கி வைத்த இடம், உள்ளே மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு வைப்பருக்குக் கீழுள்ள பகுதி. இலை அடைத்து வடிகால் நின்றால் தண்ணீர் உள்ளே இறங்கும். கார்பெட்டைத் தூக்கி, தார் விரிப்பின் மேல் சுத்தியல் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று பேசும், போன தகரம் "பொத்" என்னும். முன் மட்கார்டின் அடி, கதவுக்குப் பின்னால் சக்கர வளைவு தொடங்கும் மூலை, ஸ்டெப்னி குழி ஆகியவையும் சந்தேகத்துக்குரியவையே. புது பெயிண்டுக்கு அடியில் பட்டி இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் போதும். பிடிப்பு தளரும் இடமெல்லாம் பட்டி.

நீலக்கதவு:
எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிட வேண்டுமா?

எல்24:
சேகரிப்புக்கு என்றால் ஆமாம்.

ரவுண்ட்டாப்:
அவ்வளவு கறாராக நான் சொல்ல மாட்டேன். நல்ல தகரத்தோடு 240இசட் கிடைப்பதுதான் அரிது. அசலான 2,393 சிசி எல்24 எஞ்சினுக்குப் பதில் பின்னாளைய 280இசட்டின் எல்28 எஞ்சின் போட்டவை நிறைய. பிளாக்கில் வார்த்த எழுத்தே காட்டிக்கொடுக்கும். விலையில் அது தெரிய வேண்டும், விளம்பரத்தில் பொய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்க அனுமதி கேளுங்கள். எஞ்சின் சூடாக, ஆறு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி எடுக்க வேண்டும். ஆறின் அளவும் ஒன்றுக்கொன்று பத்து சதவீத வித்தியாசத்துக்குள் நின்றால் நல்லது. ஒன்று தாழ்ந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங்கில் கோளாறு, ஏறாவிட்டால் வால்வில். ஆனால் வால்வு இடைவெளி இறுகியிருந்தாலும் அளவு குறையும். சூட்டில் இன்டேக் வால்வு 0.25, எக்ஸாஸ்ட் வால்வு 0.30 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஹெட்டைப் பழி சொல்லுங்கள்.

கடைசியாக ஹெட்லைட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். ரிலே (பெரிய மின்சாரத்தைத் தனியே திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் முழு மின்சாரமும் ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகப் போகும் அமைப்பு இது. கனெக்டர் உருகியிருந்தால் விரலிலேயே சூடு தெரியும்.